இறங்காத பாரம்

மாடியில் தேக்கி வைத்திருந்த தண்ணீரெல்லாம் வடிந்து முடிந்தும், கீழே அளவுமானியின் முள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அவள் சாரத்தில் ஏறி, நடுக்கூரையின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்த அந்தக் கருவியின் வட்டக் கண்ணாடியை விரல்நகத்தால் தட்டினாள். சில சமயம் முள் சிக்கிக்கொள்ளும், தட்டினால் விட்டுவிடும். முள் ஒரு துள்ளு துள்ளிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

கட்டடங்களின் பலத்தைச் சோதித்துச் சொல்வது அவள் தொழில். பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த இந்தப் பள்ளிக்கூட மாடி அரங்கில் பிள்ளைகளை உட்கார வைக்கலாமா என்று அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். சோதனை எளிமையானதுதான். தளம் முழுக்கத் தண்ணீரைத் தேக்கினால், பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்த பாரம் வரும். தளம் மயிரிழை அளவு தொய்யும். வடித்துவிட்டால் மெல்ல நிமிர வேண்டும். ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டதற்குத் தாளாளர், "பழசெல்லாம் எதுக்கு மேடம், திங்கக்கிழமை பசங்க வந்துடுவாங்க" என்று சிரித்து மழுப்பியிருந்தார்.

"என்ன மேடம், நிமிர மாட்டேங்குதா?" என்றார் கீழே நின்ற மேற்பார்வையாளர். சுவர் ஓர் இம்மி சாய்ந்திருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் கொத்தனார்கள் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம்.

"கொஞ்சம் நேரமாகும்ணே. கான்கிரீட்டுக்கும் சோம்பல் உண்டு."

"நம்மள மாதிரிதான். உக்காந்தா எந்திரிக்க மனசு வராது."

அவள் சிரித்தாள். ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டு எப்போதோ கிளம்பியிருந்தார்கள். மேகம் மூட்டிய மாலை. தூண்களுக்கிடையில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருக்க, ஊறிய சுண்ணாம்பின் வாடையும் துருவின் வாடையும் மூக்கை அடைக்க, எங்கோ ஒரு குழாய் கடைசிச் சொட்டுகளை விட்டு விட்டுத் துப்பிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே முள்ளைப் பார்த்தாள்.

முள் இறங்கியது.

தளம் இன்னும் தொய்கிறது. மேலே ஒன்றுமே இல்லாதபோது.

விரிசல் விட்டிருக்குமோ என்று கைவிளக்கை அடித்துத் தேடினாள். கூரை சுத்தமாக இருந்தது. "அண்ணே, வாசப்பக்கத்து முள்ளையும் கொஞ்சம் பாருங்க."

அவர் இன்னொரு சாரத்தில் ஏறினார். "இது நல்லா நிமிந்துட்டே வருது மேடம்."

தளம் பழுதென்றால் எல்லா முள்ளும் சேர்ந்து இறங்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால், மேலே பாரம் இடம் மாறுகிறது. 'இடம் மாறுகிறது' என்பதற்குப் பதில் 'நடக்கிறது' என்ற சொல்லும் அவளுக்கு வந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

"மேல யாராச்சும் இருக்காங்களா?"

"யாரு இருப்பா? பூட்டிட்டுதானே வந்தேன். சாவி இந்தா இருக்கு."

"எங்கயாச்சும் தண்ணி மிச்சம் நிக்குதோ என்னமோ. நான் போய்ப் பாத்துட்டு வரேன். நீங்க முள்ளு நகர்றத சத்தமா சொல்லிட்டே இருங்க."

தண்ணீர்தான். வேறென்ன. அதையே சொல்லிக்கொண்டு ஏறினாள். கட்டடத்தை ஒட்டித் தனியாக எழுப்பிய நேர்ப் படிக்கட்டு அது. அடிப்படியில் மட்டும் ஒரு பல்பு எரிந்தது, மேலே போகப் போக இருட்டு.

பூட்டைத் திறந்தாள். அரங்கு காலியாக இருந்தது. ஈரத்தரை மங்கலாகப் பளபளத்தது. நடுவில், ஒரு வண்டிச்சக்கர அகலத்துக்கு, வட்டமாகத் தண்ணீர்.

அட, இவ்வளவுதானா. பள்ளமான இடத்தில் தண்ணீர் நிற்காமல் என்ன செய்யும்? அவள் மூச்சு சீரானது.

அந்த வட்டம் நகர்ந்தது.

தளத்தில் மிச்சமிருந்த ஈரமெல்லாம் சுற்றிலுமிருந்து சரசரவென்று அதை நோக்கி ஓடியது. அது விட்டுவந்த இடம் நிமிர்ந்து, வடிந்து, வெறுந்தரையானது. கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. தண்ணீர் நகரவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. பள்ளம் நகர்கிறது. பள்ளத்தை அழுத்துவது நகர்கிறது.

கீழிருந்து குரல் வந்தது. "மேடம், நடு முள்ளு ஏறுது! வாசப்பக்கம் இறங்குது!"

வாசலில்தான் அவள் நின்றாள்.

வாசலுக்கு வெளியே, மேற்படிக்குப் பின்வாங்கினாள். முதுகில் படிக்கட்டின் கைப்பிடிச் சுவர் இடித்தது. கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

வட்டம் வந்தது. நிலைப்படிவரை வந்தது. தண்ணீர் விளிம்பு தாண்டி அவள் கால்விரல்களை நனைத்தது. சில்லென்று.

முகத்துக்கு நேரே, ஊறிய சுண்ணாம்பின் வாடை.

பிறகு தண்ணீர் சட்டென்று தட்டையாகி, நாலாபக்கமும் பரந்து ஓடியது.

"மேடம்!" ரசமட்டத்தின் குரலில் சந்தோஷம் பொங்கியது. "எல்லா முள்ளும் நிமிந்துடுச்சு! பாரம் இறங்கிடுச்சு மேடம்!"

அவள் நின்றிருந்த மேற்படி மெல்லத் தொய்ந்தது. விளிம்பிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

பிறகு அதற்குக் கீழ்ப்படியிலிருந்து.

பிறகு அதற்கும் கீழே.

வராதீங்கண்ணே என்று கத்தினாள். உதடு மட்டும் அசைந்தது. அவர் சாரத்திலிருந்து இறங்கி, கையைத் துடைத்தபடி, அடிப்படிக்கு வந்து பல்பின் கீழே நின்றுவிட்டார். இருட்டுக்குள் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார். இறங்கி வரும் ஓசையைக் கேட்டுச் சிரித்தார்.

"மெதுவா வாங்க மேடம். படியெல்லாம் ஈரமா கெடக்கு. கையைப் புடிச்சுக்குங்க."

வெளிச்சத்தில் அவர் கையை நீட்டினார். மாடிப்படி உச்சியில் அவள் பார்த்துக்கொண்டே நிற்க, நீட்டிய அந்தக் கை, எதையோ தாங்கியதுபோல, மெல்லத் தாழ்ந்தது.