ஐந்து பொத்தல்

கரண்ட் போன பிறகும் பொத்தல் மெஷின் ஒரு தடவை ‘டக்’ என்றது.

சனாவுல்லா தலையைத் தூக்கிப் பார்த்தான். மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி ஓய்ந்திருந்தது. வெளியே உச்சி வெயிலில் பேகம்பூர்த் தெரு ஆளரவம் இல்லாமல் கிடக்க, உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத்தோலின் கவிச்சியும் தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டியின் புளிப்பும் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கி அறைக்குள் தேங்கி நின்றன. சூடு ஆறுகிற இரும்பு அப்படித்தான் முனகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நாடாவைப் பார்த்தான். கடைசி வரிசையில் ஐந்து பொத்தல். அது அவன் போட்டதல்ல.

அந்தத் தோல் கிடங்கு அவன் மாமனாருடையது. அதில் ஒரு பகுதியைத் தடுத்து வாடகைக்கு வாங்கி, மதராஸ் பேராசிரியர் அருள்நாதன் தன் கருவியை வைத்திருந்தார். தந்தி ஆபீஸில் டெலிபிரிண்டர் என்ற தந்தித் தட்டச்சு அடித்துப் பழகிய கை என்பதால் சனாவுல்லாவுக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வானத்திலிருந்து மியூவான் என்று ஒரு துகள் ஓயாமல் கொட்டுகிறதாம், கண்ணுக்குத் தெரியாது, கூரை, சுவர், மனுசன் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும். அதில் சிலது மட்டும் கருவியின் செப்புத் தகட்டுக்குள் மாட்டி, பம்பரமாய்ச் சுழன்று, செத்துப்போகும். சாகும்போது ஒரு பொறியைக் கக்கும். எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது, பொறி எந்தப் பக்கம் போனது என்பதை மெஷின் காகித நாடாவில் பொத்தலாகப் போட்டுவைக்கும். வரிசைக்கு ஐந்து இடம். எந்தெந்த இடத்தில் பொத்தல் விழுகிறதோ, அதுதான் எண்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அதே பொத்தல்கள்தான் எழுத்துக்கும். ‘இனி எழுத்து’ என்று மெஷினுக்குச் சொல்ல ஐந்தையும் பொத்தலாக்க வேண்டும். தந்தி ஆபீஸிலோ, தப்பாக அடித்ததை அழிப்பதற்கும் அதன்மேல் ஐந்தையும் பொத்தலாக்கிவிடுவார்கள். அழிக்கிற குறியும் எழுத்தைத் திறக்கிற குறியும் ஒன்றே. “இங்க எதையும் அழிக்காதீங்க சனாவுல்லா, பின்னாடி எண்ணெல்லாம் எழுத்தாயிரும்” என்று பேராசிரியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கை கேட்டால்தானே! காலையில் ஒரு வரிசை பிசகியதும், பழக்கதோஷம், பட்டென்று அழித்துவிட்டான்.

கரண்ட் வந்தது. என்ன கெட்டுப்போயிற்று என்று பார்க்க, நாடாவைப் பக்கத்தில் இருந்த டெலிபிரிண்டரில் ஓடவிட்டு அச்சடித்தான். எண்கள் வரவேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்துகள் கொட்டின. எல்லாம் குப்பை. நடுவில் மட்டும் யு, ஒய், ஐ, ஆர். தமிழ்த் தந்தியை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அடித்துப் பழகியவன் அல்லவா, வாய் தானாகப் படித்துவிட்டது.

உயிர்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அது பாதியிலேயே வற்றிப்போனது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், தாய்வீட்டு அறையில் அவன் மனைவி சைதூன் படுத்திருந்தாள். நிறைமாசம். முன்னால் உண்டான இரண்டும் தங்கவில்லை. இதையாவது உயிரோடு கையில் வாங்கிவிட வேண்டும் என்று அவன் தொழாத நேரமில்லை. இதுவும் போனால் சைதூனும் போய்விடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

“என்னா மச்சான், தனியாச் சிரிக்கிறீக?” என்றாள் அவள் சுவருக்கு அப்பாலிருந்து.

“ஒண்ணுமில்ல புள்ள. மெஷினு தமிழ் பேசுது.”

“பேசட்டும், பேசட்டும். பொறக்கப்போறது ஆணா பொண்ணான்னு அதுக்கிட்டயே கேட்டு வைங்க.”

அந்தச் சொல் நாடாவில் இருக்கவே கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. யோசிக்காமல், நான்கு எழுத்தின் மேலும் ஐந்தைந்து பொத்தல் போட்டு அழித்தான். போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. அழிக்கவில்லை. மறுபடி மறுபடி திறந்துவிட்டிருக்கிறான்.

மெஷின் வழக்கமாக நிதானமாகத்தான் அடிக்கும், ஒரு துகள் மாட்டினால் ஒரு அடி. சாயங்காலம் மழை கறுத்துக்கொண்டு வந்து, மலைக்கோட்டைப் பாறை கண்ணுக்கு மறைந்து, தோல் வாடையோடு ஈர மண் வாடையும் கலந்து மூச்சை அடைத்த நேரத்தில், அது வேகம் எடுத்தது. காகிதப் பொடி தரையில் சிதறியது. நாடா சுருண்டு சுருண்டு அவன் காலடியில் விழுந்தது. இப்போது அச்சடித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. விரலால் தடவியே படித்தான். முதல் இடத்தில் மட்டும் பொத்தல், தமிழ் ‘எ’வுக்கு அவன் அடிக்கிற இங்கிலீஷ் எழுத்து. இ. பிறகு பி. இன்னொரு பி. ஓ.

எப்போ.

அடுத்த முழமும் அதுதான். எப்போ. அதற்கடுத்ததும். எப்போ. எப்போ. யாரை யார் கேட்பது? அவன் பிளக்கைப் பிடுங்கினான். மெஷினின் விளக்கு அணைந்தது.

மெஷின் நிற்கவில்லை.

டக். டக்டக்.

“யா அல்லா…” என்று நாடாவை அறுத்தான். வெறும் காற்றில் அடித்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். உள்ளங்கைக்குள் அதிர்ந்தது. எப்போ. எப்போ.

சட்டென்று நின்றது.

எதற்கோ காது கொடுப்பதுபோல் நின்றது.

“மச்சான்.” சைதூனின் குரல். “செத்த இங்கிட்டு வாங்களேன்.”

ஓடினான். அவள் சுவரோரம் மல்லாந்து படுத்திருந்தாள், வேர்த்த முகத்தில் சந்தோஷம். “புள்ள என்னா ஆட்டம் போடுதுங்கிறீக! ஒதைக்கல மச்சான். கையி. விரலு விரலாத் தெரியுது, தொட்டுப் பாருங்க.”

அவன் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

தோலுக்கு அடியில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒரே நேர்கோட்டில். எழும்பின. அமுங்கின. மறுபடி எழும்பின. ஐந்து இடம்.

வேண்டாம் என்றது மனசு. விரல் படித்தது.

இரண்டாவதும் மூன்றாவதும். ஐ.

இரண்டு, மூன்று, ஐந்து. பி.

மறுபடி அதே. பி.

கடைசி இரண்டும். ஓ.

இப்போ.

சுவருக்கு அந்தப் பக்கம், பிளக்கைப் பிடுங்கிப் போட்ட மெஷின் ஒரே ஒரு தடவை அடித்தது.

“ஏன் மச்சான் இப்பிடி முழிக்கிறீக?” என்று சைதூன் சிரித்தாள். “பயப்படாதீக. பாருங்க, ஆட்டம் நின்னுபோச்சு.”

அவள் வயிற்றில் ஐந்து முடிச்சும் ஒருசேர எழும்பி, அவன் அழிக்கப் போட்ட அதே குறியாய் வரிசையாக நின்றன. அவன் உள்ளங்கையால் மெல்ல அழுத்தினான். பிறகு பலங்கொண்ட மட்டும் அழுத்தினான். ஐந்தில் ஒன்றுகூட அமுங்கவில்லை. அவன் கைக்கு அடியில் அவை ஒவ்வொன்றாகச் சில்லிட்டுக்கொண்டு வந்தன.