நாற்காலி போட்ட இடம்

ஹாலெட் ஏரிக்குப் போகும் மண்சாலையில் ஜனெல்லின் பழைய கார் முன்னால் போனது. அது கிளப்பிய தூசியை எல்லாம் தின்றுகொண்டு அவளுடைய அண்ணன் ராண்டலின் கேரவன் பின்னால் வந்தது. வெறும் கேரவன் என்று சொன்னால் ராண்டலுக்குக் கோபம் வரும். அதற்கு அவன் வைத்திருந்த பெயர் அட்மிரல். அட்மிரலுக்குள் இரண்டு டிவி, ஒரு குளியலறை, ஐஸ் செய்யும் இயந்திரம், மின்சாரத்தில் எரியும் கணப்பு எல்லாம் உண்டு. இயற்கையோடு ஒன்றி வாழ இதற்குக் குறைவாக எதுவும் போதாது என்பது அவன் கட்சி.

ஜனெல்லிடம் இருந்தது இரவல் வாங்கிய ஒரு டென்ட். பின்சீட்டில் ஏழு வயது மகள் பிரிட்டா.

இந்த வருடம் இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஜனெல். வம்பே அதுதான். மினசோட்டாவில் கோடைக்கு ஏரிக்கரை இடம் பிடிப்பது பனி உருகும் முன்பே தொடங்கிவிடும் போர். முன்பதிவு திறக்கும் காலையில் மாநிலமே கணினி முன் உட்கார்ந்திருக்கும். ராண்டல் போன்ற நிபுணர்கள் மூன்று பூங்காக்களில் மூன்று இடம் பிடித்துவைத்து, வானிலை பார்த்து இரண்டைக் கைகழுவுவார்கள். விவாகரத்து வழக்கும் வேலையுமாக அலைந்த ஜனெல் நிமிர்ந்து பார்த்தபோது எல்லாம் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஹாலெட் ஏரி மட்டும்தான். அங்கே முன்பதிவே கிடையாது. யார் முதலில் வந்து பொருளைப் போடுகிறார்களோ அவர்களுக்கு இடம்.

ஈஸ்டர் விருந்தில் ராண்டல் எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஒரு டென்ட் அடிக்கத் தெரியாதவ, தனியா ஒரு குழந்தைய எப்படி வளப்பா? கோடை முழுக்க பிரிட்டா எங்ககூட இருக்கட்டும். அவளுக்கு ஒரு ஒழுங்கு வேணும்." முன்னாள் கணவன் குர்ட்டும் அதற்குத் தலையாட்டிவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது.

"நான் அவள கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் ஜனெல். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாக்குப்பிடிச்சுட்டா, இந்தப் பேச்சை நீ செத்தாலும் எடுக்கக் கூடாது."

பன்றித்தொடை வெட்டிக்கொண்டிருந்த கத்தியை ஆட்டி ராண்டல் ஒப்புக்கொண்டான். கூடவே வந்து மேற்பார்வை பார்ப்பதாகப் பெருந்தன்மையோடு வாக்கும் கொடுத்தான்.

வியாழக்கிழமை மத்தியானமே வந்தும் எல்லா இடமும் நிறைந்திருந்தது. ஒன்றைத் தவிர. அதுதான் இருப்பதிலேயே நல்ல இடம். தலைக்குமேல் சிவந்த பைன் மரங்கள். காலடியில் மணல் சரிந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. தீ மூட்டும் இரும்பு வளையத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அலுமினியக் கால், பச்சையும் வெள்ளையுமாக நாடா பின்னிய பழைய மடக்கு நாற்காலி.

பக்கத்து இடத்தில் காபியோடு உட்கார்ந்திருந்த ஆர்லிஸ் என்ற அம்மாள் சிரித்த முகத்தோடு சொன்னாள்: "அங்க ஆள் இருக்குங்க."

"யாரு?"

"ஒரு குடும்பம். ஏரிக்குப் போயிருக்காங்க. இப்ப வந்துடுவாங்க. கேக் துண்டு ஒண்ணு எடுத்துக்கிறீங்களா? ருபார்ப் தண்டு போட்டது."

அந்தப் பக்கத்தில் நாற்காலி போட்டால் போட்டதுதான். பக்கத்து வீட்டுக்காரனின் மனைவியோடு ஓடிப்போய்விட்டு, மறுவாரமே சர்ச்சில் வந்து முன்வரிசையில் உட்காரலாம். அடுத்தவன் போட்ட நாற்காலியை நகர்த்திவிட்டு அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது.

காத்திருந்தார்கள். மர நிழல்கள் நீண்டன. யாரும் வரவில்லை. ஏரியில் படகும் இல்லை, தலையும் இல்லை. இஸ்திரி போட்ட துணி மாதிரிக் கிடந்தது தண்ணீர்.

"விதி என்ன சொல்லுது? டென்ட்டோ வண்டியோ நிக்கணும். நாற்காலியெல்லாம் கணக்குல வராது," என்றான் ராண்டல். "நான் முப்பது வருஷமா கேம்ப் போடுறவன்." நாற்காலியைத் தூக்கி மடக்கினான்.

நாடாவிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நாளெல்லாம் வெயிலில் கிடந்த நாற்காலி.

ஜனெல் அதைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வீடு திரும்ப வேண்டும். வழியெல்லாம், வாழ்நாளெல்லாம் 'அப்பவே சொன்னேன்ல' கேட்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு டென்ட் முளையை அடித்தாள். சுற்றியிருந்த இடங்களில் பேச்சு நின்றது. சீட்டாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கூடாரத்துக்குள் போனார்கள்.

சாயங்காலம் சாசேஜ் வாட்டக் கம்பியை எடுத்து வந்தபோது நாற்காலி பழைய இடத்தில் விரிந்து நின்றது. நாடா ஈரமாக, நடுவில் தொய்ந்து இருந்தது. யாரோ உட்கார்ந்திருக்கும்போது தொய்வது போல.

"ராக்கூன் வேலை," என்றான் ராண்டல்.

"மடக்கு நாற்காலிய விரிக்கிற ராக்கூனா?"

"உனக்கு மிருகங்களப் பத்தித் தெரியாது, ஜனெல்."

அவன் அதை எடுத்துச் சுழற்றி ஏரிக்குள் எறிந்தான். முப்பது வருட அனுபவம் அதன் வீச்சில் தெரிந்தது. நாற்காலி தண்ணீரில் விழுந்தது. சத்தமே கேட்கவில்லை.

அவன் கை கழுவிவிட்டு வருவதற்குள் தீயருகே இரண்டு நாற்காலிகள் நின்றன.

இரண்டும் சொட்டிக்கொண்டிருந்தன. பாசியும் அழுகிய அல்லியும் கலந்த வாடை வந்தது. இரண்டும் ஏரியைப் பார்க்கவில்லை. டென்ட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

ஜனெல் ஆர்லிஸிடம் போனாள். "அந்தக் குடும்பம் எப்ப ஏரிக்குப் போச்சு?"

ஆர்லிஸ் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். "எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் முதமுதல்ல இங்க வந்தேன். அப்பவே போயிருந்தாங்க."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"அடுத்தவங்க விஷயத்துல மூக்க நுழைக்கலாமாங்க? அதான், ஆள் இருக்குன்னு சொன்னேனே."

ஆயுள் முழுவதும் ஆவியோடு அண்டைவீட்டுக்காரியாக இருந்திருக்கிறாள். ஒரு தடவைகூட மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதில்லை.

ஜனெல் திரும்பி வந்தபோது டென்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த அட்மிரல் ஏரிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கட்டைகள் மேஜைமேல் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கேரவன் படியில் ஈரமான பாதச் சுவடுகள். ஏறியவை மட்டும்தான் இருந்தன. இறங்கியவை இல்லை.

ராண்டலின் முகம் பால்கட்டி நிறத்துக்கு வந்திருந்தது. "டார்லாவுக்கு வயிறு சரியில்லயாம்," என்றான். டார்லா அவன் மனைவி. அவள் ஏற்கெனவே வண்டியின் முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, எதிரே இருந்த மரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். "பிரிட்டாவக் குடு. நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"எங்க?"

"வீட்டுக்குத்தான். ஏன்டி, உனக்குப் பைத்தியமா? இங்க என்னமோ இருக்கு."

"ராக்கூன்தானே?" என்றாள் ஜனெல். "ஒரு ராக்கூனுக்குப் பயந்து என் பொண்ண உன்கிட்ட குடுக்கவா? போ. அட்மிரலப் பத்திரமா ஓட்டிட்டுப் போ."

அவன் போனான். படியை மடக்காமல், அடுப்பு எண்ணெய் டப்பாவை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனான். அந்தப் பயணத்தில் அவனால் விளைந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. லூன் பறவைகூடக் கத்தவில்லை. ஜனெல் மகளின் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள்.

விடியும்போது அவள் கைக்குள் ஒரு சின்னக் கை இருந்தது.

அது ஜில்லென்று இருந்தது. ஈரமாக இருந்தது.

கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. டென்ட் வாசல் திறந்து கிடந்தது.

வெளியே மூடுபனி. எங்கே கரை முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று தெரியவில்லை. "பிரிட்டா!" என்று கத்தினாள். பனி அந்தக் குரலை நனைத்து விழுங்கியது.

நாற்காலிகள் தீயருகே இல்லை. தண்ணீர் விளிம்புக்குப் போயிருந்தன.

இப்போது மூன்று.

பெரியது இரண்டு. நடுவில் ஒரு சின்ன மர நாற்காலி, சிவப்பு வண்ணம் உரிந்தது. அதில் பிரிட்டா ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அவள் முழங்கால் வரை ஏறியிருந்தது. இருபுறமும் நாடா தொய்ந்திருந்தது.

"அம்மா, இது சரியா என் அளவு," என்றாள் பிரிட்டா, திரும்பாமல்.

மூன்று நாற்காலிகளும் மணலில் சறுக்கி ஓர் அடி உள்ளே போயின.

ஜனெல் ஓடினாள். மகளின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். பிரிட்டா வரவில்லை. இரண்டு பக்கமும் அவள் தோளில் எதுவோ அழுத்தியிருந்தது. சட்டைத் துணியில் விரல்களின் பள்ளம் தெரிந்தது.

அவளுக்குள் எதுவோ அறுந்தது. பயம்தான் அறுந்ததென்று பிறகு அவள் நினைத்துக்கொண்டாள்.

சுற்றி வந்து வலதுபக்கப் பெரிய நாற்காலியில் தன் முழுப் பாரத்தோடு தொப்பென்று உட்கார்ந்தாள்.

அடியில் முழங்கால்கள் இருந்தன.

பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"கேளு," என்றாள். "இடம் உன்னோடதுதான். நாங்க எடுத்தது தப்பு. ஞாயித்துக்கிழமை காலி பண்றோம், அதுக்கு ஒரு நாள் முன்னாடி கிடையாது. எங்கண்ணன் துரத்தியே நான் போகல, நீ துரத்தியா போகப்போறேன்? ஆனா இவமேல கைய வச்சே, இந்த ஏரிய வாளி வாளியா மொண்டு உன்னை வெளிய எடுத்துப் போடுவேன். கைய எடு."

அவள் கழுத்துக்குப் பின்னால் ஒரு மூச்சு, குளிர்ந்து, பாசி வாடையோடு பட்டது.

"எடுன்னு சொன்னேன்ல!"

சட்டையில் இருந்த பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

ஜனெல் மகளை ஒரு கையிலும் அந்தச் சின்ன நாற்காலியை மறு கையிலும் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். நாற்காலியைக் கல்லில் அடித்து உடைத்தாள். இரும்பு வளையத்தில் போட்டு, ராண்டலின் எண்ணெயை டப்பாவோடு கவிழ்த்துக் கொளுத்தினாள். நனைந்த மரம் சீறியது. பிறகு பிடித்து எரிந்தது. ஏரியின் நடுவிலிருந்து ஒரு கூப்பாடு எழுந்து, நீண்டு, தேய்ந்தது. அது லூன் பறவை என்று அவள் முடிவு செய்தாள்.

பனி விலகியபோது பெரிய நாற்காலிகள் இல்லை. மணலில் நான்கு கோடுகள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. அந்த நெருப்பிலேயே ஜனெல் பான்கேக் சுட்டாள். மணமாகத்தான் இருந்தது.

ஞாயிறு வரை இருந்தார்கள். யாரும் வரவில்லை. பிரிட்டா மீன் பிடித்தாள். ஜனெல் கொசுக்கடியையும் கணக்கில் எடுக்காமல் உட்கார்ந்து புத்தகம் படித்தாள். கிளம்பும்போது ஆர்லிஸ் ஒரு டப்பா கேக்கைக் காருக்குள் வைத்துவிட்டுத் தயங்கினாள்.

"ரொம்ப வருஷமா பாக்கறேன். எப்பவும் பெரிய நாற்காலி ரெண்டுதான் வெளிய வரும். அந்தக் குட்டி நாற்காலிய வெளிய எடுத்துப் போட்டதில்ல."

"என் பொண்ணுக்காகப் போட்டாங்க."

"இருக்கலாம்," என்றாள் ஆர்லிஸ், ஏரியைப் பார்த்தபடி. "அவங்களுக்கும் ஒரு பொண்ணு உண்டுன்னு சொல்வாங்க."

தார்ச்சாலை ஏறியதும் வெயில் சுரீரென்று அடித்தது. இரண்டு பக்கமும் சோளக்கொல்லை. ஜனெல் ஜன்னலைத் திறந்துவிட்டு, ராண்டலிடம் என்ன சொல்வது என்று வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டு ஓட்டினாள். கோடை முழுவதும் இனி அவளுடையது.

பின்சீட்டில் 'டக்' என்று ஒரு பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது.

பிரிட்டாவின் பெல்ட் ஏற்கெனவே மாட்டியிருந்தது.

"அம்மா," என்றாள் பிரிட்டா மெதுவாக. "அவளுக்கு இப்ப உக்கார இடம் இல்லயாம்."

கண்ணாடியில் பார்த்தாள். பிரிட்டாவுக்குப் பக்கத்துச் சீட்டில் பெல்ட் இறுகி நின்றது. அதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. சீட்டு நனைந்து கறுத்து, விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

ஜனெல் காரை ஓரம்கட்டினாள். இறங்கி வந்து பின்கதவைத் திறந்தாள். கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"உன் நாற்காலிய எரிச்சது நான்தான். அதுக்கு என் பொண்ணு பக்கத்துல இடம் தர முடியாது. இறங்கு."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அப்புறம் பெல்ட் தானாகக் கழன்றது. கார் அரை அங்குலம் மேலெழுந்தது.

கொதிக்கும் தாரில் ஒரு சின்ன ஈரப் பாதம் விழுந்தது. அடுத்து இன்னொன்று.

அவை ஏரிப்பக்கம் திரும்பவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, ஜனெல்லின் வீடு இருக்கும் திசையில், வழி தெரிந்தவள் நடப்பது போல நடந்தன.

ஜனெல் கதவைச் சாத்தினாள். ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள்.

"கெட்டியா பிடிச்சுக்கோ, கண்ணு," என்றாள் மகளிடம். அந்தச் சுவடுகளின் மேலேயே ஏற்றி, மிதித்து ஓட்டினாள். சோளக்கொல்லைகள் பறந்தன. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெறும் சாலை, உலர்ந்த சாலை.

அடுத்த வளைவு திரும்பியதும் முன்னால் பார்த்தாள்.

அங்கேயும், காருக்குச் சற்று முன்னால், ஒவ்வொன்றாக ஈரம் விழுந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல்.

"சரி, வா. பாத்துடலாம்," என்று சொல்லி ஜனெல் இன்னும் அழுத்தி மிதித்தாள்.