பெட்டிக்குள் ஒற்றை சிகரெட்

மோங்கோக் கடைத்தெரு. பட்டப்பகல்.

ஆரஞ்சு மூடி போட்ட குப்பைத்தொட்டியின் அடியில் க்வோக் செத்துக் கிடந்தான். வாயோரம் நுரை. விரலிடுக்கில் பாதி எரிந்த சிகரெட்...

கொதிக்கும் சூப் சட்டியைச் சுற்றி உட்காருவது போல அந்தத் தொட்டியைச் சுற்றி நின்று ஊதுகிற கூட்டம், இப்போது சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சிகரெட்ல விஷம், மேடம்," என்றார் சார்ஜென்ட் லாவ். "குடுத்தது இவன். எல்லாரும் பார்த்திருக்காங்க."

இவன், ட்ஸோ. க்வோக்கோடு கூட்டாக வாத்துக்கறிக் கடை நடத்துபவன்.

இன்ஸ்பெக்டர் யிப் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடை முழுசா வேணுமோ?"

"அவனுக்குத்தான் வேணும், மேடம். அந்த சிகரெட்டே காலைல அவன் குடுத்தது."

"ஓசி சிகரெட்டை மத்தியானம் வரைக்கும் பிடிக்காம வெச்சிருந்தே? இப்ப விக்கிற விலைக்கு? உன்னை மியூசியத்துல வைக்கணும்."

ட்ஸோ சட்டைப் பையில் கைவிட்டான். உண்மையைச் சொன்னால் அபராதம். மறைத்தால் ஆயுள்.

சிகரெட் பெட்டியை நீட்டினான். உள்ளே சிகரெட் இல்லை.

மின்சிகரெட்.

"வரி ஏத்தினாங்க, இதுக்கு மாறினேன். அப்புறம் இதைத் தெருவுல வெச்சிருந்தாலே குத்தம்னாங்க. பெட்டிக்குள்ள ஒளிச்சேன். அவன் குடுத்ததையும் அதுலயே போட்டேன்."

"அவனுக்குத் தெரியாதா?"

"சொன்னா ஊருக்கே தண்டோரா போடுவான். மத்தியானம் வந்தவன், பேயைப் பார்த்த மாதிரி நின்னான். 'காலைல குடுத்தது எப்படிடா இருந்துச்சு'ன்னான். 'பிரமாதம்'னேன். கையெல்லாம் நடுங்க, ஒண்ணு குடுன்னான். உள்ள இருந்த அந்த ஒண்ணையே உருவிக் குடுத்தேன்."

லாவ் பிணத்தின் பையைத் துழாவினார். சின்ன ஊசி. சின்ன பாட்டில்.

"காலைல க்வோக்தான் இவனுக்கு சிகரெட் குடுத்தான்னு டீக்கடைக்காரம்மாவும் சொல்றாங்க, மேடம்."

யிப் பெருமூச்சு விட்டாள்.

"கொலை கேஸ்ல நீங்க இல்ல, மிஸ்டர் ட்ஸோ. லாவ், அந்த மின்சிகரெட்டைப் பறிமுதல் பண்ணி, அபராதம் எழுதுங்க."

"என் உயிரைக் காப்பாத்தினதே அதுதான், மேடம்..."

"அப்படியா? அதையும் சேர்த்து எழுதிக்குங்க, லாவ்."

ட்ஸோ காலிப் பெட்டியைப் பார்த்தான். "இப்ப நான் எதைத்தான் பிடிக்கறது?"

யிப் தன் பெட்டியிலிருந்து ஒரு சிகரெட்டை உருவி நீட்டினாள்.

"இதைப் பிடிங்க. இது மெதுவாத்தான் கொல்லும். வரியும் கட்டியாச்சு."