கடைசி யாரு?

மாடிப்படியில் ஏறுபவர்கள்தான் இருந்தார்கள். இறங்குபவர் ஒருவரும் இல்லை. ராயிஸாவுக்கு இது உறைக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. தட்டுப்பாட்டுக் காலத்து மாஸ்கோக்காரி வரிசையைக் கண்டால் முதலில் நின்றுகொள்வாள், என்ன கொடுக்கிறார்கள் என்று பிறகுதான் விசாரிப்பாள். அவளும் பேரங்காடிக்குள் நுழைந்ததுமே "கடைசி யாரு?" என்று கேட்டாள். "நான்தான், கையக் காட்டு" என்று சொன்ன பருத்த பெண்மணி ஒருத்தி, ஊதாப் பென்சிலை நாக்கில் நனைத்து அவள் உள்ளங்கையில் 512 என்று வரிசை எண்ணை எழுதிவிட்டாள்.

ஏழு வயது மகள் ஸோயாவைக் கீழே பெரிய கடிகாரத்தடியில் நிற்கச் சொல்லியிருந்தாள். ஸோயாவின் பூட்ஸ் முனை பிளந்து மூன்று வாரம் ஆகிறது. போன வருஷம் நெஞ்சுச் சளியில் பிள்ளை பிழைத்ததே பெரிய பாடு. இந்தப் பனிக்காலத்தை அந்தப் பூட்ஸோடு தாண்ட முடியாது.

"மேல என்னக்கா குடுக்கறாங்க?"

"பூட்ஸாம். சின்னப் புள்ளைங்க சைஸும் இருக்காம்."

"வாங்கினவங்க யாரும் இறங்கி வரக் காணோமே?"

"பின்பக்கமா போறாங்களோ என்னவோ. உன் நம்பர் வந்தா சரிதானேடி, ஊர்க் கவலை உனக்கெதுக்கு?"

அந்தப் பருத்த பெண்மணியின் கால்களில் சாம்பல் நிறக் கம்பளி பூட்ஸ். இடது குதிகாலில் சிவப்புத் தோல் ஒட்டு. படி படியாக அந்த ஒட்டைப் பார்த்துக்கொண்டே ராயிஸா ஏறினாள். நனைந்த கம்பளி வாடையும் ரப்பர் வாடையும் மேலே போகப் போகக் கனத்தன, கீழ்த்தளத்துக் கூச்சல் மூடிய கதவுக்கு அப்பால் கேட்பதுபோல் மங்கியது, நூற்றுக்கணக்கான கால்கள் ஒரே நேரத்தில் ஒரு படி தேய்த்து ஏறும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. மூன்றாம் தளத்தில் பழுப்புத் திரை ஒன்று தொங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அடுத்து."

"வரட்டுமா? என் சைஸ் இருக்கணும்னு வேண்டிக்கோ" என்று கண்ணடித்துவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனாள்.

பேரம் இல்லை. காகிதம் மடிக்கும் சத்தம் இல்லை. பலகையில் எதையோ வைக்கும் சத்தம் மட்டும். டொக். டொக்.

திரை விலகியிருந்த இடுக்கில் ராயிஸா எட்டிப் பார்த்தாள். கூரைவரை பலகைகள். பூட்ஸ்கள். எல்லாம் பழையவை. எல்லாம் ஈரம். பனி உருகிச் சொட்டியது. ஓரத்தில் சாம்பல் நிற ஜோடி. சிவப்பு ஒட்டு. உள்ளிருந்து இன்னும் ஆவி வந்தது.

திரும்பினாள். தோளோடு தோளாக ஆட்கள்.

"வழி விடுங்க! என் பொண்ணு கீழ நிக்கறா!"

"வரிசையக் கலைக்காதம்மா" என்றார் பின்னால் நின்றவர். கோபம்கூட இல்லை. மெல்லத் தள்ளினார். ஒரு அடி.

கைப்பிடிக்கு மேல் குனிந்தாள். கடிகாரத்தடியில் யாரும் இல்லை.

வரிசையின் வாலில், படியின் அடியில், மெல்லிய குரல்.

"கடைசி யாரு?"

"நான்தான் கண்ணு. கையக் காட்டு."

"ஸோயா! ஓடு! வெளிய ஓடு!"

தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவர்கூடத் தலை திருப்பவில்லை. இன்னொரு அடி.

கீழே, கோட்டுக் கையிலிருந்து கயிற்றில் தொங்கும் கையுறையோடு ஒரு குட்டிக் கை உயர்ந்தது. உள்ளங்கையில் ஈரம் காயாத ஊதா எண்.

"அம்மா, நானும் இடம் புடிச்சுட்டேன்!"

"அடுத்து."