ஒன்பதாம் படி

ஆறு மாதத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த அதே பல் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருந்தது.

சிறுமி வாயைத் திறந்து நாக்கு நுனியால் அதைத் தள்ளிக் காட்டினாள். மேல்வரிசை முன்பல், இடப்பக்கம். தள்ளினால் முன்னால் சாய்ந்தது, விட்டால் நிமிர்ந்துகொண்டது. ஏழு வயதில் ஆடத் தொடங்கும் பால்பல் சில வாரங்களில் விழுந்துவிடும். இது விழவில்லை. உயரம் பார்க்கிற நர்ஸ், சுவரில் ஒட்டிய அளவுநாடாவில் சிறுமியை நிறுத்திப் பார்த்துவிட்டு, பழைய தாளைப் புரட்டி, போன தடவை யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தாள். அன்றும் நூற்றுப் பதினெட்டு. இன்றும் நூற்றுப் பதினெட்டு.

“வீட்டுல சோறு போடறாங்களா இல்லையாடி உனக்கு?” என்று நர்ஸ் சிரித்தாள். சிறுமியும் சிரித்தாள், நர்ஸ் சிரித்து முடித்த பிறகும்.

பக்கத்தில் நின்றிருந்த மிஸ் தன் தாளில் இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டாள். குழந்தைகளின் பயத்துக்கு மருந்தில்லாமல் வைத்தியம் பார்க்கிற அந்த ஆய்வு மையத்தில் அவளுக்கு ஐந்தாவது வருடம். டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர். பிள்ளைகளுக்கு வெறும் மிஸ். இன்றைக்கு அவளுக்கு ஒரே வேலைதான்: ஆறாம் மாதப் பரிசோதனையை முடித்து, தாளின் கடைசிக் கட்டத்தில் ஓர் எண்ணை எழுதி, தாயிடம் கையெழுத்து வாங்கி, இந்தச் சிறுமியின் கோப்பை மூடுவது. அதோடு ஆய்வு முடிகிறது. அடுத்த வாரம் சிகிச்சைக் கையேடு அச்சுக்குப் போகிறது. அதன் அட்டையில் இந்தச் சிறுமியின் வரைபடம் இருக்கும். எட்டில் தொடங்கி வழவழவென்று பூஜ்யத்துக்கு இறங்கும் கோடு. ஆய்வை நடத்தும் பேராசிரியர் அதற்கு ‘சறுக்குமரம்’ என்று பெயர் வைத்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அதைக் காட்டுவார்.

அந்தக் கோட்டை அவள் கற்பனையில் எழுதினாள் என்பது வேறு யாருக்கும் தெரியாது.

வேலை எளிமையானது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பய ஏணி. இருட்டுக்குப் பயந்த இந்தச் சிறுமிக்கு முதல் படி, இருட்டான அறையின் படத்தைப் பார்ப்பது. மூன்றாம் படி, கதவைத் திறந்துவைத்து விளக்கை அணைப்பது. ஒன்பதாம் படி, மூடிய இருட்டறைக்குள் தனியாக இருபது நிமிடம். வெளியே கதவோரம் மிஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் “எத்தனை?” என்று கேட்பாள். உள்ளிருந்து, பயத்தின் அளவாக, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் வரும். பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: “மிஸ், இருக்கீங்களா?” அதற்கு ஒரே பதில்: “இருக்கேன்.” தாங்க முடியாவிட்டால் மூன்று தடவை தட்ட வேண்டும். தட்டினால் கதவு திறக்கும். பயந்த பிள்ளைகள் முதல் நாளில் நாற்காலியில் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொள்வார்கள், தரையிலிருந்து ஏதோ பிடித்து இழுத்துவிடும் என்பதுபோல. அதற்கும் தாளில் ஒரு கட்டம் உண்டு. கால் கீழே இறங்கினால் முன்னேற்றம்.

ஆறு மாதத்துக்கு முன், இந்தச் சிறுமி ஒன்பதாம் படிக்கு வந்த அன்றைக்கு, நான்காவது நிமிடத்தில் மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது. பேராசிரியரின் பிறந்தநாள். அலுவலக உதவியாளர் படியில் பாதி இறங்கி நின்று, கேக் தீர்ந்துபோகும், சீக்கிரம் வாங்க மேடம் என்று சைகை காட்டினார். அவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. போன் வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். முந்நூறு தடவை கேட்ட அதே கேள்வி. உள்ளே எட்டு, எட்டு என்றே வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று எழுந்தாள். மாடியில் யாரோ பேச்சுக் கொடுத்தார்கள். அவளும் பேசினாள். ஒரு ஜோக்குக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இப்போதும் நினைவிருக்கிறது, ஜோக் நினைவில்லை.

விரலில் ஒட்டிய க்ரீமை நக்கிக்கொண்டே இறங்கி வந்தபோது இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது.

அந்த அறையின் உள்பக்கக் கைப்பிடி ஒரு மாதமாகவே கழன்றிருந்தது. சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவள்தான் தள்ளிப்போட்டிருந்தாள்.

கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. திறந்தாள். சிறுமி அறையின் நடுவில் நின்றிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. திரும்பினாள். முகத்தில் கண்ணீர்க் கோடு இல்லை, வியர்வை இல்லை.

“பூஜ்யம், மிஸ்.”

காலியாக இருந்த எட்டுக் கட்டங்களை அவள் கழிப்பறையில் உட்கார்ந்து நிரப்பினாள். ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம். பேனா ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

அதற்குப் பிறகு அதே அறையில் இன்னும் இரண்டு பிள்ளைகள் ஒன்பதாம் படிக்கு வந்தார்கள். இரண்டு பேரும் பாதியில் நின்றுபோனார்கள். ஒரு பையன், உள்ளே ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள், அவள் முடித்துவிட்டு வரட்டும், அப்புறம் நான் போகிறேன் என்றான். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான், வரிசையில் நிற்கிறவன்போல. அவள் தாளில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினாள். அன்றிலிருந்து அந்த நடைபாதையைத் தவிர்த்துப் பின்படி வழியாகப் போய் வந்தாள்.

இன்று பின்படி உதவாது. பரிசோதனை அதே அறையில்தான் நடக்க வேண்டும். விதி.

காத்திருக்கும் இடத்தில் சிறுமியின் தாய் பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லத்தான் போகிறாள் என்று அவள் நினைத்தாள். தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு எதையோ சொல்லத் தொடங்கினாள். மகள் இப்போது எதற்கும் பயப்படுவதில்லை. ஊசிக்கு இல்லை, உயரத்துக்கு இல்லை, வேகமாக வரும் லாரிக்கும் இல்லை. முன்பெல்லாம் ராத்திரி இரண்டு தடவை எழுப்புவாள், பாத்ரூம் வாசலில் காவலுக்கு நிற்கச் சொல்வாள், இரண்டு பேருக்கும் தூக்கம் போகும். இப்போது எழுப்புவதே இல்லை. தாய்தான் எழுந்து போய்ப் பார்க்கிறாள். இருட்டில் கண் திறந்தபடி படுத்திருக்கிறதாம் பிள்ளை. விடிகிற வரைக்கும்.

“அவ பயந்தாலும் புலம்பற, பயப்படலன்னாலும் புலம்பறன்னு அவங்கப்பா திட்டறார்,” என்றாள் தாய். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. “நகம் வெட்டியே ஆறு மாசம் ஆச்சு மிஸ். வளரவே இல்ல. எங்கிட்ட மறைக்காதீங்க. அன்னிக்கு உள்ள என்ன நடந்துச்சு? நீங்க வெளியவேதானே இருந்தீங்க?”

கேள்வி அவ்வளவு நேராக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிடலாம். இரண்டு வாக்கியம் போதும். வேலை போகும், கையேடு நிற்கும், பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவளையே பார்ப்பார். ஆனால் இந்தத் தாய்க்கு எங்கே தேடுவது என்றாவது தெரியும்.

“அங்கயேதான் இருந்தேன்,” என்றாள் அவள். “நகராம.”

நடைபாதையில் தரை துடைத்த மருந்து வாடை இருந்தது. அதற்கடியில், ஒன்பதாம் படியின் அறையை நெருங்க நெருங்க, பழைய தாள்களின் புழுக்கமும், அதற்கும் அடியில் லேசாக, நாள்பட்ட கேக்கின் புளித்த இனிப்பும் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று மூக்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபடி, அவள் மூச்சை இழுக்கும்போது மட்டும் வந்து, விடும்போது போயிற்று. சிறுமி முன்னால் நடந்தாள். தானே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். தானே மூடிக்கொண்டாள்.

இன்றைக்கு ஐந்து நிமிடம்தான். நிமிடத்துக்கு ஒரு கேள்வி. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது.

“எத்தனை?”

“பூஜ்யம்.”

மேலே ட்யூப்லைட் ரீங்காரம் போட்டது. யாரோ தூரத்தில் நாற்காலியை நகர்த்தினார்கள்.

“எத்தனை?”

“பூஜ்யம்.”

மூன்றாவது தடவையும் அதுவே. அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. நான்காவது தடவை கேட்டபோது பதில் சற்று நீளமாக வந்ததுபோல இருந்தது. எதிரொலி என்று நினைத்தாள். எட்டடிக்கு ஆறடி அறையில் எதிரொலி எழும்பாது என்பது அடுத்த நொடி நினைவுக்கு வந்தது.

ஐந்தாவது.

“எத்தனை?”

“பூஜ்யம்.” கதவருகிலிருந்து. தெளிவாக.

அதன் பின்னாலிருந்து, தொண்டை கட்டிய, அழுது அழுது தேய்ந்த, அதே குரல்.

“பத்து.”

அவள் கதவைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். சிறுமி நின்றிருந்தாள். ஒரு நாற்காலி. நான்கு சுவர். வேறு யாரும் இல்லை. அவள் சிறுமியின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அந்தக் கையில் சூடுமில்லை, குளிர்ச்சியுமில்லை. மேசையைத் தொட்டதுபோல இருந்தது. அப்போதுதான் கதவின் உள்பக்கம் கண்ணில் பட்டது. கைப்பிடி இருந்த ஓட்டைக்குக் கீழே, ஏழு வயதுப் பிள்ளை விரல்களை மடக்கித் தட்டும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் போயிருந்தது. வண்ணத்துக்கு அடியில் இருந்த மரமும் குழிந்திருந்தது.

மூன்று தட்டு போட்டால் குழி விழாது. ஆறு மாதம் தட்டினால் விழும்.

விளக்கை அணைத்தாள். கதவைச் சாத்தினாள். ஏன் சாத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தாய் நடைபாதையில் வந்துகொண்டிருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய தாள் நாற்காலியின் மேல் கிடந்தது.

தட். தட். தட்.

மெதுவாகத்தான். தட்டித் தட்டி, இனித் திறக்காது என்று தெரிந்துபோன கை.

தாய் நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். தாயின் முகம் மாறியது. தூக்கத்தில் பிள்ளை சிணுங்கினால் அடுத்த அறையிலிருந்து எழுந்து வருகிற முகம் அது. ஆறு மாதமாக வேலையில்லாமல் இருந்த முகம்.

“உள்ள யாரு?”

“யாரும் இல்ல.”

“இல்ல மிஸ். என் பொண்ணு மாதிரி...”

“அம்மா.” சிறுமி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் இங்கதானே இருக்கேன்.”

தாய் குனிந்து மகளைப் பார்த்தாள். பிறகு கதவை. பிறகு அவளை. அந்தப் பார்வையில் சண்டையில்லை, சந்தேகம்கூட இல்லை. படித்தவள் ஒரு வார்த்தை சொன்னால் அதை நம்பிவிடலாம் என்ற கெஞ்சல்தான் இருந்தது.

“பக்கத்து ரூம்ல வேற ஒரு பிள்ளைக்கு டெஸ்ட் நடக்குது,” என்றாள் அவள். “சத்தம் இப்படித்தான் கேக்கும்.”

கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். பேனாவை நீட்டினாள். தாய் கையெழுத்துப் போட்டாள்.

அவர்கள் நடைபாதை முழுக்க நடந்து போனார்கள். தாய் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மூலையில் சிறுமியும் ஒரு தடவை திரும்பினாள். வாயைத் திறந்து, நாக்கு நுனியால் முன்பல்லை முன்னால் தள்ளி, விட்டாள். பல் நிமிர்ந்துகொண்டது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மாடியிலிருந்து பேராசிரியர் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது சார் என்றாள். குரல் சரியாகவே வந்தது.

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதில் ஏதோ அசைந்தது. வெள்ளையாக, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று வெளியே வந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. வேரில் ஈரச் சிவப்பு.

பால்பல். முன்பல். இடப்பக்கம்.

அதைத் தள்ளிக்கொண்டு விரல்நுனிகள் வந்தன. நான்கு. நகங்கள் ஆறு மாதம் வெட்டாதவை. பல்லை அவள் செருப்பு வரைக்கும் தள்ளி வைத்தன. இனிமேல் நம்பிவிடுவாள் என்பதுபோல.

“மிஸ்.” தரையோடு தரையாக. “இருக்கீங்களா?”

ஒரே ஒரு பதில்தான். அவளுக்குத் தெரியும். நாக்கு வரை வந்தது.

நடைபாதை முனையில் தாயின் காலடிச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

“மிஸ்?”

விரல்கள் தரையைத் தடவின. இடப்பக்கம். வலப்பக்கம். இன்னும் கொஞ்சம் முன்னால். அவள் பாதத்தைத் தேடி.

அவள் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டாள்.