நாலாவது முடிச்சு

காலி நாற்காலிக்கு முன்னாலிருந்த கோப்பையில் ஷாம்பெயின் ஒரு விரல் இறங்கியிருந்தது. ஒதில் தன் கையாலேயே விளிம்பு வரை ஊற்றிய கோப்பை அது.

கல்யாணமாகி பாரிஸிலிருந்து தெற்கே புரோவான்சுக்கு வந்தபின் அவள் பொறுப்பில் நடக்கும் முதல் கிறிஸ்துமஸ் விருந்து. வழிப்போக்கன் எவனாவது கதவைத் தட்டினால் உட்கார ஓர் இடம் விட்டுவைப்பது இந்த ஊர் வழக்கம். வெறும் தட்டுதான் வைப்பார்கள். கஞ்சம் என்று நாத்தனார் பிளாந்தின் வாயில் விழுவானேன் என்று இவள் கோப்பையையும் நிரப்பிவைத்தாள். கீழே இருப்பது மேலே ஏறிவராமலிருக்க மேசைவிரிப்பின் நாலு முனைகளையும் முடிந்துவிடவும் வேண்டும் என்பார்கள். மூன்றை முடிந்தாள். மூன்றிலும் புது லேஸ் ஓரம் கசங்கியதைப் பார்த்ததும் நாலாவதை முடிய மனசு வரவில்லை.

"ஏம்மா, ஒரு முனை தொங்குதே?" பிளாந்தின் கண்ணுக்கு எதுதான் தப்பும்! "பாரிஸ்காரியைப் பார்த்தாலே பேயெல்லாம் ஓடிடும்னு விட்டுட்டியா?"

"விடுக்கா, சாப்பிட வந்தியா, சண்டைக்கு வந்தியா?" என்று சிரித்தான் ஒதிலின் புருஷன் எல்செயார்.

ஒதிலும் சிரித்துவைத்தாள். பொரித்த உப்புமீன், வறுத்த பாதாம், உருகும் மெழுகு என்று அத்தனை வாசனைக்கும் அடியில் இன்னொன்று கசிந்துகொண்டிருந்தது, மழையில் ஊறிய கம்பளியும் புதிதாய்த் தோண்டிய மண்ணும் கலந்ததுபோல ஓர் ஈரவாடை. முழங்காலில் சில்லென்று காற்று பட்டது. மறுபடி பார்த்தாள். கோப்பை பாதி.

எதிரே, காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் நோரின் தன் மிட்டாயை அந்தத் தட்டில் வைத்தாள்.

"யாருக்குடி செல்லம்?"

"மாமாவுக்கும்மா. மேசைக்குக் கீழ இருக்காரு. மேல வரட்டுமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"வாங்கன்னேன்."

ஒதில் எழப் பார்த்தாள். முடியவில்லை. விரிப்பு அவள் முழங்காலைச் சுற்றி இறுகியிருந்தது. கத்தினாள். அதே நேரம் புது பாட்டிலின் மூடி தெறித்தது. ஒரே கைதட்டல், சிரிப்பு.

"அடடா, விருந்தாளி கோப்பை காலியாச்சே! எவன்டா குடிச்சது?" எல்செயார் குனிந்து அதை நிரப்பினான்.

ஐயோ, ஊற்றாதே.

நோரின் நாற்காலியிலிருந்து மேசைக்கடியில் சரிந்தாள். மெதுவாக. இடுப்பு. தோள். சிரித்த முகம். ஒதில் எட்டிப் பிடித்தாள். தலையில் கட்டிய சிவப்பு ரிப்பன் விரலில் உரசி நழுவியது.

"எல்செயார்... குழந்தை..."

"கீழ விளையாடுறா, விடேன்."

சட்டென்று விரிப்பு அவள் காலை விட்டது. தரையில் விழுந்தாள். விரிப்பைத் தூக்கினாள். செருப்புக் கால்கள். ஈரமண். குழந்தை இல்லை.

தொங்கிக்கொண்டிருந்த முனை இப்போது தொங்கவில்லை. நோரினின் ரிப்பனால் முடிந்திருந்தது. கீழிருந்து இழுத்து இறுக்கிய முடிச்சு. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தாள். அவிழவில்லை.

மேலே கோப்பைகள் மோதின.

தரைக்கு அடியிலிருந்து, ரொம்பக் கீழேயிருந்து, அழுகுரல்.

"அம்மா, மேல ஏற முடியலம்மா."