மஞ்சள் அடையாளம்

மூன்று நாளாக ஷைஸ்தா முகம் கழுவவில்லை. எழுந்ததும் சோப்பு வாசம் வீட்டை நிறைத்துவிடும், அப்படிப்பட்டவள். இன்று சாயங்காலம் தாராவியின் அந்த மாடி அறைக்குள் தௌஃபீக் நுழைந்தபோது, தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருக்க, அவன் வேலை பார்க்கும் செம்பூர் ஆய்வகத்தில் எலிக்கூண்டுக்குப் போடும் உமி ஈரமானால் வருமே, அந்த நாற்றம் மூக்கில் அடித்தது. மனைவி மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, மேலுக்கு முடியலையா?"

அவள் கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது.

இந்தக் கோலத்தை அவன் முன்பே பார்த்திருந்தான். போன வருஷம் ஒரு கம்பெனி மூட்டுவலிக்கென்று கொடுத்த வேர்ச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் தொண்டை வழியே குழாயை இறக்கிச் சாற்றைச் செலுத்துவது அவன் வேலை. மூன்று எலிகள் முகம் துடைப்பதை நிறுத்தின, ரோமம் சிலிர்க்க மூலையைப் பார்த்து உட்கார்ந்தன, ஒன்பதாம் நாள் செத்தன. குழாய் முனை உள்ளே கிழித்திருக்கும், கைப்பிசகு என்று சொல்லி வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று பாவி பயந்துவிட்டான். யாருக்கும் தெரியாமல் மூன்று புது எலிகளைப் பிடித்து, செத்தவற்றுக்கு இருந்தது போலவே ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலடியில் அடையாள மஞ்சள் சாயம் தடவிக் கூண்டில் விட்டான். சாவு எதுவும் இல்லை என்று அறிக்கை போனது.

அலமாரியில் ஒரு பாட்டில். அதே கம்பெனி, அதே வேர்ச்சாறு.

"இதை எப்ப வாங்குன?"

"இன்னையோட எட்டு நாளாச்சு மச்சான்." சுவரைப் பார்த்தே பேசினாள். "பரீஹாவும் கால் உளையுதுன்னா, அவளுக்கும் குடுத்தேன். நின்னு நின்னு உங்களுக்கும் முட்டி வலிக்கும்லா. குடிக்க மாட்டீகன்னு தேத்தண்ணில கலந்துட்டேன்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் மகள். பத்து வயசு. அவளும் சுவரைப் பார்த்து.

விளக்கைப் போட்டான். ஷைஸ்தாவின் வகிட்டில் மஞ்சள். பரீஹாவின் சட்டையில், நடு முதுகில், மஞ்சள். ஈரம் காயவில்லை.

ஆஸ்பத்திரி. இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கால் நகரவில்லை. அவன் கடைசியாக முகம் கழுவியது எப்போது? நினைவில்லை. இடுப்புக்குக் கீழே துணி ஒட்டியது. கையைப் பின்னால் கொண்டுபோனான்.

விரல்கள் மஞ்சளாக வந்தன.

ஷைஸ்தா திரும்பாமலே சற்று நகர்ந்து, மூலையில் அவனுக்கு இடம் விட்டாள்.